தீர்மானப் புத்தகத்தை எழுதுவது யார்?

திருவள்ளூர் ரயில் நிலையத்தில் இறங்கி, வீரராகவர் கோயில் பக்கம் போகாமல் ஸ்ரீபெரும்புதூர் சாலைப் பக்கம் திரும்பினால் மணவாள நகர். காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள், செல்போன் கடைகள், வரிசையாக வாடகை வீடுகள், மாலையில் நெரியும் போக்குவரத்து. பார்க்கிறவர்களுக்கு இது நகரம். அரசுப் பதிவேட்டில் இது கடம்பத்தூர் ஒன்றியம் வெங்கத்தூர் ஊராட்சியின் ஒரு பகுதி. அதாவது கிராமம்.

இப்படிப் பதிவாகியிருப்பதால் இங்கே ஓட்டு உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. சட்டசபைக்கு நம் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கிராம சபைக்கு யாரையும் அனுப்பத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே உறுப்பினர். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த உரிமை இது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் கூடிவந்த சபைக்கு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவு, வளர்ச்சித் திட்டம், தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல் எல்லாம் இந்தச் சபையின் முன் வந்தாக வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் 526 ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு முறை என்றால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள். இவை தவிர, தொழிற்சாலையோ துறைமுகமோ வரும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும் கருத்துக் கேட்புக் கூட்டங்களும் உண்டு. மக்களைப் பேசச் சொல்லிக் கூப்பிடும் இடங்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. கூப்பிட்டவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை.

கிராம சபை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஊராட்சித் தலைவர் கூட்டத்தைக் கூட்டுகிறார், அவரே தலைமை தாங்குகிறார். ஊராட்சிச் செயலர், ஊரார் வழக்கில் 'கிளர்க்', அஜெண்டாவை வாசித்துத் தீர்மானங்களைப் புத்தகத்தில் எழுதுகிறார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளர் என்ற பெயரில் ஓர் அலுவலர் வந்து உட்காருகிறார். ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குறைந்தபட்ச வருகைக்கும் கணக்கு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் இருப்பது உடனே புரியும். சபை விசாரிக்க வேண்டியது ஊராட்சியின் கணக்கை. அந்தச் சபைக்குத் தலைமை ஊராட்சியின் தலைவர். விசாரணையில் யார் என்ன கேட்டார்கள் என்று எழுதுகிறவர் ஊராட்சியின் ஊழியர். தெருவிளக்கு வாங்கிய பில்லைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வி புத்தகத்தில் ஏறுமா, 'விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது' என்ற ஒற்றை வரிக்குள் போய்விடுமா என்பதை, கேள்விக்கு உள்ளானவரின் அலுவலகமே முடிவு செய்கிறது. எல்லாத் தலைவர்களும் எல்லாக் கிளர்க்குகளும் அப்படிச் செய்கிறார்கள் என்பதல்ல குற்றச்சாட்டு. நேர்மையானவர் கையில் நன்றாகவும் மற்றவர் கையில் வேறு மாதிரியாகவும் நடக்கும்படி ஏற்பாட்டை விட்டுவைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டு ஊர்களில் கிராம சபைக்குப் போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். கையெழுத்து முதலில் வாங்கப்படும், தீர்மானம் பிறகு எழுதப்படும். வருகைப் பதிவேட்டை நிரப்ப நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை அழைத்து உட்கார வைப்பார்கள், கணக்கு சரியானதும் கூட்டம் கலையும். பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஊராட்சியில் 300 பேர் என்பது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அந்த எண்ணிக்கையும் இப்படித்தான் எட்டப்படுகிறது என்றால், யார் சார்பில் யார் முடிவெடுத்தார்கள்?

தொழிற்பேட்டைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மணவாள நகரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் வாடகைக்குக் குடியிருந்து கம்பெனி வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோரின் ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரும்பு ஆலைகளில் உழைப்பவர்களின் பெயர் இங்கே எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்த ஊரின் குடிநீரைக் குடிப்பவர்கள், புகையைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். ஆனால் கிராம சபைக்கு அவர்கள் பார்வையாளர்கள்கூட இல்லை.

தலைமை நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதும் காகிதத்தில் எழுதியிருப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் 2020இல் நடந்தது நினைவிருக்கலாம். தேர்தலில் வென்று தலைவரான அமிர்தம் தலித் பெண். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று கொடியேற்றும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. செய்தி வெளியானதும் மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிகுமார் நேரில் போய், ஆகஸ்ட் 20 அன்று அவரையே கொடியேற்ற வைத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் உள்ளிட்டோர் கைதானார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே தன் ஊராட்சியில் கொடிக்கயிற்றைத் தொட முடியாமல் போன இடத்தில், அதே தெருவிலிருந்து வரும் ஒரு சாதாரண வாக்காளர் கிராம சபையில் மைக்கைப் பிடித்துக் கணக்குக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அமிர்தத்துக்கு நீதி கிடைக்க ஓர் ஆட்சியர் வண்டி ஏறி வர வேண்டியிருந்தது. ஆட்சியர் எல்லா ஊருக்கும் வர முடியாது.

அதே மாவட்டத்தில் நேர் எதிரான ஓர் அனுபவமும் இருக்கிறது. திருமழிசைக்கு அப்பால் உள்ள குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி. வேதிப் பொறியியல் படித்து, அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். முதல் பதவிக்காலத்தில், அருகிலிருந்த ஆலையில் வீணாகக் கிடந்த கற்களைக் கொண்டுவந்து குறைந்த செலவில் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார். மதிப்பீட்டில் சொன்ன பொருளைப் பயன்படுத்தவில்லை என்று அவர் மீது நடவடிக்கை வந்தது, பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் உண்ணாவிரதம் இருந்தார். ஊர் கிராம சபையாகத் திரண்டு, செலவும் வேலையும் தங்கள் கண்ணெதிரே நடந்தவை என்று சொன்னது. இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. 2001 தேர்தலில் மறுபடியும் அவரே தலைவர். தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் அந்த ஊரில் எழுந்தன.

குத்தம்பாக்கத்தை நல்ல தலைவர் கதையாகச் சொல்வதே வழக்கம். கவனிக்க வேண்டிய பகுதி வேறு. மேலதிகாரிகளுக்குக் கணக்குக் காட்டுவது ஒன்று, ஊருக்குக் கணக்குக் காட்டுவது இன்னொன்று. இரண்டும் மோதியபோது, ஏற்கெனவே ஊரின் முன் கணக்கை விரித்து வைத்திருந்தவர் தப்பினார். சபையை அஞ்சாமல் எதிர்கொண்ட தலைவருக்கு அந்தச் சபையே காவலாக நின்றது. கிராம சபையைத் தொல்லையாகக் கருதும் தலைவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2025 தொடக்கத்தில் அந்தத் தலைவர்களும் இல்லாமல் போனார்கள். 2019 டிசம்பரில் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016க்கும் 2019க்கும் இடையிலும் தமிழ்நாட்டு ஊராட்சிகள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லாமல் நடந்தன. அப்படிப்பட்ட காலத்தில் கிராம சபை கூடும்போது, அழைப்பவர் அதிகாரி, செலவு செய்தவர் அதிகாரி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அதிகாரி. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டால் தண்டிக்கலாம் என்ற கடைசிப் பிடியும் வாக்காளருக்கு இருப்பதில்லை. தேர்தலைத் தள்ளிப்போடுவதால் வாக்காளருக்கு வரும் நஷ்டம் இது.

சரி, கூட்டம் ஒழுங்காகவே நடந்து தீர்மானமும் ஒழுங்காகவே எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறகு என்ன ஆகிறது?

பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 ஆகஸ்ட் 15 முதல் அடுத்தடுத்த கிராம சபைகளில் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி வந்திருக்கிறார்கள். நிலம் எடுக்கும் பணி அதன் போக்கில் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 நவம்பர் 23 அன்று கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஒரே சட்டம், ஒரே வகைத் தீர்மானம், இரண்டு முடிவுகள். அரிட்டாபட்டியில் மக்கள் பேரணியும் சட்டசபைத் தீர்மானமும் சேர்ந்து அழுத்தின. ஏகனாபுரத்தில் மாநில அரசே திட்டத்தை விரும்பியது. இரண்டு இடத்திலும் பலன் அரசியல் சூழலைப் பொறுத்து அமைந்ததே தவிர, 'சபை இப்படி முடிவெடுத்திருக்கிறது, நாங்கள் ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை' என்று எழுத்தில் பதில் தரும் கடமையால் அல்ல. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் காரணத்தோடு கூடிய பதில் கிடைத்தாக வேண்டும் என்ற நிலை வரும்வரை கிராம சபைத் தீர்மானம் மனுவாகத்தான் இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு விதிகள் இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். கலெக்டரோ, கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில், பேசப்பட்டதன் சுருக்கத்தை மக்களின் மொழியில் வாசித்து விளக்கி அன்றே கையெழுத்திட வேண்டும். கிராம சபையில் கிளர்க் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறதே, அதை இந்த அறிவிக்கை அடைத்திருக்கிறது. இது நல்ல விதி.

ஆனால் இங்கேயும் மேடைக்குப் பின்னால் பார்க்க வேண்டியிருக்கிறது. மக்கள் முன் வைக்கப்படும் சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் தருவது திட்டத்துக்கு அனுமதி கேட்கும் கம்பெனிதான். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. உள்ளூர் நிலைமை சரியில்லை, மக்கள் சுதந்திரமாகப் பேச இயலாது என்று நடத்தும் அமைப்பு அறிக்கை கொடுத்தால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்கவும் அறிவிக்கையில் இடமிருக்கிறது.

தொழிற்பேட்டைகளைப் பொறுத்தவரை இன்னொரு விலக்கும் உண்டு. முறைப்படி ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்குத் தனியாகக் கருத்துக் கேட்பு வேண்டாம் என்கிறது அந்த அறிவிக்கை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை போன்ற சிப்காட் வளாகங்களைச் சுற்றி வாழ்கிறவர்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையின் விரிவாக்கத்துக்கு 2009இல் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி கிடைத்தது இந்த வாதத்தின் பேரில்தான். அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 23 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கத்துக்குத் தடை விதித்து, கருத்துக் கேட்பு நடத்தச் சொன்னது. மக்களை உட்கார வைத்துப் பேசவிட வேண்டிய கூட்டம் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

தேர்வாய் கண்டிகையின் கதை கடல் கடந்து போனது. கும்மிடிப்பூண்டி வட்டத்து இந்தக் கிராமத்தின் மக்கள் ஆடுமாடு மேய்க்கவும் விறகுக்கும் நம்பியிருந்த, காடு சேர்ந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்காவானது. 2009இல் பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. எதிர்ப்பு உள்ளூரில் எடுபடாத நிலையில், கிராமத்து அமைப்பும் தமிழ்நாட்டு நில உரிமை இயக்கத்தினரும் பிரான்சின் தொண்டு நிறுவனங்களோடும் ஒரு தொழிற்சங்கத்தோடும் சேர்ந்து 2012இல் பாரிஸில் புகார் கொடுத்தார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை குறித்து பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு வகுத்த வழிகாட்டு நெறிகளை மீறியதாகப் புகார் வந்தால் விசாரிக்க, ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒரு தொடர்பு அமைப்பு இருக்கிறது. பிரான்சில் அதை நடத்துவது பொருளாதார அமைச்சகம்.

2013 செப்டம்பரில் முடிவு வந்தது. மிஷலின் நெறிகளை மீறவில்லை என்றது அந்த அமைப்பு, மனித உரிமை சார்ந்த மதிப்பீட்டில் முன்னேற்றம் வேண்டும் என்று பரிந்துரையும் செய்தது. முடிவு வருவதற்குச் சற்று முன்பே புகார்தாரர்கள் வெளியேறியிருந்தார்கள். விசாரிக்கும் அமைப்பே நடுநிலையாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் சொன்னது சரியா, அமைப்பு சொன்னது சரியா என்பது தனி விவாதம். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்று பாரிஸ் வரை போயும் அதே கேள்வியில்தான் வந்து நின்றது: கேட்கிறவரை யார் கேட்பது?

காட்டுப்பள்ளியில் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதானி குழுமத்தின் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று கருத்துக் கேட்பு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் நடக்கவில்லை. பழவேற்காடு மீனவருக்குக் கூட்டத்துக்குத் தயாராவதென்பது சாதாரண விஷயமல்ல. நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையை யாரையாவது படித்துச் சொல்ல வைக்க வேண்டும், ஊர் கூட வேண்டும், ஒரு நாள் தொழிலை விட வேண்டும். கடைசி நேரத்தில் தேதி மாறும்போது அந்த உழைப்பு முழுவதும் வீணாகிறது. தள்ளிவைத்த அதிகாரி அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் அவ்வப்போது வழி காட்டியிருக்கின்றன. கோவாவின் சுரங்க வழக்கொன்றில் 2009 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், கருத்துக் கேட்பில் மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்து, ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013 ஏப்ரல் 18 அன்று, ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். அங்கே கூட்டங்களைக் கவனிக்க மாவட்ட நீதிபதி ஒருவர் நியமிக்கப்பட்டார். கம்பெனியோ மாநில அரசோ கூட்டத்தை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக. கூட்டம் நடந்த பன்னிரண்டு கிராமங்களும் மறுத்தன. அந்த மறுப்பை யாராலும் சந்தேகிக்க முடியவில்லை. நடத்தும் தரப்புக்கு வெளியே இருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா கிராமத்தில் நடத்திய மக்கள் விசாரணையும் இந்த வகையைச் சேர்ந்தது. பஞ்சாயத்தின் பில்களையும் வேலையாட்கள் பட்டியலையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி, கட்டப்படாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கை இடம்பெற்றதும் அந்த அனுபவத்தால்தான். வேலையை நடத்திய அமைப்பு தணிக்கையில் தலையிடக் கூடாது என்று 2011ஆம் ஆண்டு விதிகள் கூறின. தமிழ்நாட்டில் இதற்கென்றே தனியாக ஒரு சமூகத் தணிக்கைச் சங்கம் அமைக்கப்பட்டது. சாதாரணக் கிராம சபைக்கும் இதே விதியைக் கொண்டுவர என்ன தடை? கணக்கு விவாதிக்கப்படும் பொழுது மட்டுமாவது தலைவர் நாற்காலியை விட்டு இறங்கி, சபை தேர்ந்தெடுக்கும் வேறொருவர் தலைமை தாங்கலாமே.

வெளிநாடுகளில் இப்போது சீட்டுக் குலுக்கல் முறையில் மக்களைத் தேர்ந்தெடுத்து விவாதிக்க வைக்கும் மக்கள் மன்றங்கள் பரவியிருக்கின்றன. அயர்லாந்தில் 2016இல் 99 குடிமக்களோடு நீதிபதி மேரி லாஃபாய் தலைமையில் ஒரு மன்றம் கூடியது. கருக்கலைப்புச் சட்டம் பற்றிய அதன் பரிந்துரையைத் தொடர்ந்து 2018 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் 66 சதவீதத்தினர் மாற்றத்தை ஆதரித்தார்கள். உலகமே பாராட்டிய அந்த மன்றத்திலும் ஒரு கறை விழுந்தது. ஆள் சேர்க்கும் பொறுப்பிலிருந்த ஆய்வு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடு வீடாகப் போகாமல் தெரிந்தவர்கள் மூலம் ஏழு பேரைச் சேர்த்துவிட்டது 2018 பிப்ரவரியில் தெரியவந்தது. மன்றமே அதைப் பகிரங்கமாக அறிவித்தது, ஏழு பேரும் நீக்கப்பட்டார்கள். தவறு நடக்காத மன்றம் எங்கும் இல்லை. நடந்த தவறு வெளியே தெரிய வழி இருந்ததா என்பதுதான் அயர்லாந்துக்கும் நம் பதிவேடுகளுக்கும் உள்ள தூரம்.

பிரான்சில் காலநிலை மாற்றம் குறித்து 150 பேர் கூடி 2020இல் 149 பரிந்துரைகள் தந்தார்கள். வடிகட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்வேன் என்று முன்பு சொல்லியிருந்த அதிபர் மக்ரோன், பிறகு சிலவற்றை நிராகரித்தார், சில நீர்த்துப்போயின. அந்த 150 பேர் கலைந்து போய்விடவில்லை. 2021 பிப்ரவரியில் மீண்டும் கூடி, அரசு தங்கள் பரிந்துரைகளை எப்படிக் கையாண்டது என்று மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு 3.3. அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த மதிப்பெண்ணுக்குக் கிடையாது. ஆனால் நாடு முழுவதும் அது செய்தியானது.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் பெயரைத் தமிழ் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. குடவோலையில் பெயர் எடுத்த முறையைத்தான் எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை, ஊரார் அனைவருக்குமானதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் பயன்படக்கூடிய ஒரு விதி இருக்கிறது. வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் விழக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு சபை இதைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும்படி வைத்தது.

இன்று அந்தக் கல்லின் இடத்துக்குத் தொழில்நுட்பம் வருகிறது. கிராம சபையின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தானாகவே நடவடிக்கைக் குறிப்பு எழுதும் 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. கிளர்க்கின் பேனாவுக்கு மாற்றாக ஒரு சாட்சி கிடைப்பது வரவேற்க வேண்டியதே. ஆனால் பேசியதை இயந்திரம் எழுதினாலும், எழுதியதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ளும் உரிமை சபையிடம் இருக்க வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் குறிப்பு வாசிக்கப்பட வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2006இலேயே எழுதிய விதியைக் கிராம சபைக்கும் எழுதுவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

அதுவரை ஒரு வாக்காளர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிராம சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானங்கள், அவற்றின் மீது ஒன்றிய அலுவலகமும் ஆட்சியர் அலுவலகமும் எடுத்த நடவடிக்கை ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள் போதும். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம். நகல் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: தான் பேசியது அதில் இருக்கிறதா, தான் போகாத கூட்டத்தில் தன் கையெழுத்து இருக்கிறதா, போன முறை நிறைவேறிய தீர்மானத்துக்கு எதிரே யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா. அந்த நகலோடு அடுத்த கிராம சபைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வியை, எழுதாமல் விடுவது எந்தக் கிளர்க்குக்கும் எளிதாக இருக்காது.